புரட்டாசி முதல் வாரத்துச் சராசரி

ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான் ஒரு மழை நோட்டு எழுதிவந்தேன். அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த உப்புப் பாத்திகளின் மேல் அன்றன்று மழை பெய்ததா, எந்த வேளையில், எவ்வளவு நேரம் என்பதே அதில் இருக்கும். அவர் கேட்டதால் தொடங்கினேன். துல்லியத்தின் மீதான ஆசையால் தொடர்ந்தேன். கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் அவர் தொலைபேசியில் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன்.

விடுதியில் என் அறைத்தோழி கணிதம் படித்தாள். சில வகை இயக்கங்களில், ஒரே விதிக்குக் கட்டுப்பட்ட இரண்டு புள்ளிகளை மயிரிழை இடைவெளியில் ஓடவிட்டால், சிறிது காலத்தில் ஒன்றின் பாதையைக்கொண்டு மற்றொன்றைச் சொல்ல இயலாது என்று ஒருநாள் விளக்கினாள். ஆனால் நெடுங்காலம் பார்த்தால், இரண்டும் எந்தெந்தப் பகுதியில் எவ்வளவு பங்கு நேரம் கழிக்கின்றன என்பது ஏறக்குறைய ஒன்றாகவே இருக்குமாம். வானிலையும் அந்த வகைதான் என்றாள். நாளை இன்னதென்று தெரியாத ஒன்றுக்கும் நிலையான சராசரி உண்டு என்பது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது. அவள் சொன்னதன் முதல் பாதியைக் கேட்டேனே தவிர, மனத்தில் வாங்கிக்கொள்ளவில்லை.

சென்ற புரட்டாசித் தொடக்கத்தில் விடுமுறைக்கு வந்திருந்தேன். பருவமழைக்கு முன் உப்பு வாருவது அதுவே கடைசி முறை. அந்த ஆண்டு கோடையிலேயே இருமுறை மழை உப்பைக் கரைத்திருந்தது. இதுவும் போனால் குத்தகையை விட்டுவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். பாத்தியில் உப்பு படிந்துவிட்டது, அன்றே வாரலாம். இன்னும் ஒரு வெயில் காயவிட்டால் பரல் பெரிதாகும். உப்பு விளைவிப்பவர் யாரையும் விடாத சபலம் அது. எக்கியார்குப்பத்துப் பக்கம் கடலின் மேல் ஒரு மேகம் நின்றது.

"இன்னாம்மா சொல்லுது உன் நோட்டு?"

புரட்டிப் பார்த்தேன். எழுதிய ஆண்டுகள் அனைத்தையும் சேர்த்தே அந்த வாரத்தில் பகல் மழை ஒரே ஒரு முறைதான்.

"வராதுப்பா."

வருவதற்கு வாய்ப்பு குறைவு என்று சொல்லியிருக்க வேண்டும்.

பக்கத்துப் பாத்திக்காரர் பலகையால் உப்பை வரப்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார். "ஏம்பா, உம் பொண்ணு தமிழ் படிக்குதா, மேகம் படிக்குதா?"

"எட்டு வருஷமா எழுதுது. உன்ன மாதிரி வானத்தப் பாத்து பயந்துக்கல," என்றார் அப்பா.

"நான் பயந்தாங்கொள்ளிதான். அந்தக் கீத்த இப்படித் தள்ளிட்டுப் போ."

மறுநாள் நண்பகல் கழிந்ததும் பெய்தது. நாற்பது நிமிடம். பக்கத்துக்காரரின் குவியல்கள் தென்னங்கீற்றுக்கு அடியில் பத்திரமாக இருந்தன. எங்கள் பாத்திகள் முதலில் சாம்பல் நிறமாயின. பின்பு அவற்றில் வானம் தெரிந்தது. அப்பா கொட்டகைக்குள் வராமல் வரப்பிலேயே நின்றார். பக்கத்திலேயே இருக்கும் பிரம்மதேசத்தில் ஒரு துளியும் விழவில்லை என்று பிறகு கேள்விப்பட்டோம்.

"அப்பா, நான்தான்..."

"மணி பாத்தியா? எவ்ளோ நேரம் பேஞ்சுது? எழுதிடும்மா."

எழுதினேன். ஒரு முறை என்பது இரு முறை ஆயிற்று. நோட்டு முன்னைவிடத் துல்லியமாகியிருந்தது. அது முழுதும் மெய்யாக நெடுங்காலம் வேண்டும். அப்பாவிடம் எஞ்சியிருந்ததோ ஒரே ஒரு வெயில்.

இப்போது அந்தப் பாத்திகளும் பக்கத்துக்காரரிடம்தான். அப்பா கீழ்புத்துப்பட்டில் ஒரு தங்கும் விடுதியின் வாசலில் காவலாளி. விடுமுறையில் நான் வீட்டில் இருந்தால், பணிக்கு நடுவே அழைக்கிறார்.

"அங்க மழையா?"

"இல்லப்பா."

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

அந்த நாற்பது நிமிடத்துக்குப் பிறகு நோட்டில் நான் எதையும் எழுதவில்லை.