ஓடத்தின் அடியில் ஓர் ஓட்டை

போன வாரம் ஆற்றோர ஓட்டல் ஒன்றில், பழைய படகு நிறைய ஐஸைக் கொட்டிக் குளிர்பானங்களை அடுக்கியிருந்தார்கள். உருகிய நீர் அடியிலிருந்த ஓட்டை வழியே வாளியில் சொட்டியது. நான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன்.

எழுபதுகளில், பாலத்து வழியே டவுன் பஸ் வந்து, ஆற்றைக் கடக்க ஓடத்தில் ஏற ஆளில்லாமல் போனதும், குமாரபாளையத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த அப்பா ஓர் ஓடத்தை வாங்கிக் கரையில் கல் முட்டுக்கொடுத்து நிறுத்திச் சாயத்தொட்டியாக்கினார். அதை ஓட்டிய ஓடக்காரர் மாரப்பனையே நூல் முக்க வைத்துக்கொண்டார். ஈர நூலைப் பிழியும் சத்தமும், மூக்கை எரிக்கும் நெடியும், முழங்கைவரை நீலமேறிய அவர் கைகளுமாக எங்கள் பகல்கள் போயின.

ஒரு காலை, கரைத்து வைத்த சாயம் முழுவதையும் அவர் தகரக் குவளையால் வெளியே இறைத்துவிட்டார்.

“ஓடத்துல தண்ணி நின்னா கை தானாப் போயிருதுங்க” என்றார்.

அப்பா கோபப்படவில்லை. உளியையும் சுத்தியலையும் நீட்டினார். “அடியில நீயே ஒரு ஓட்டையப் போடு. தக்கை வெச்சுக்கலாம். அப்புறம் இது ஓடமில்ல, தொட்டி. இனி நீ இறைக்க வேண்டாம்.”

“வேற ஆளப் போடச் சொல்லுங்க சாமி.”

அப்பா தலையாட்டி மறுத்தார். பிள்ளைகள் நாங்கள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தோம். மாரப்பன் அடித்த உளியில் பலகை உடைந்து, அடியில் தேங்கிய மிச்ச நீலம் ஒழுகத் தொடங்கியதும், பதறி உள்ளங்கையால் ஓட்டையைப் பொத்தினார்.

“ஓடம் முழுகுது” என்று கத்தினேன், ஒன்பது வயதுக்காரி.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் கையை எடுக்கவில்லை. அப்பாதான் செருப்போடு உள்ளே இறங்கி, காலால் அந்தக் கையைத் தள்ளிவிட்டார்.