ஒரு வாரத்துப் பால்

என் மாமா மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. மறைப்பானேன், நிறையவே இருந்தது. மாமாவுக்கு ஆனைமலைப் பக்கம் கொப்பரைக் களம். அதை மச்சான்தான் பார்த்துக்கொண்டார். வெயிலில் நின்று நின்று அவரே பாதிக் கொப்பரையாகக் காய்ந்திருந்தார். வாரம் ஒருமுறை ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கோயம்புத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை, நடுவில் அம்மா. புது பைக் வாங்கியதும் காட்ட வந்தார்.

"இவள ஒரே ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய்ட்டு வாரனுங்க."

"நிக்காஹ் முடியட்டுங்கண்ணு. அப்புறம் ஊட்டி வரைக்கும் போங்க, ஆரு கேக்கறா?" என்று சொல்லி அம்மா வண்டிச் சாவியை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டார். கிளம்பும்போதுதான் திருப்பிக் கொடுத்தார்.

ஆசை அப்படி என்றால் பயம் வேறு மாதிரி. நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். எங்கள் பெரியம்மாவின் பேத்திக்குத் தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். ஏழு வயதிலேயே, எந்த நரம்பு நன்றாகக் கிடைக்கும் என்று நர்ஸுக்கே அவள்தான் காட்டுவாள். அவளுடைய அம்மாவும் அத்தாவும் சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டவர்கள்தான். எங்கள் பிள்ளைக்கும் அப்படி ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்தால் எனக்குச் சோறு இறங்காது.

லேபில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரி காரமடைப் பெண். தாய்மாமனையே கட்டியவள்.

"எங்களுக்குத் தாய்மாமன் ஹராம், கட்டவே கூடாது. அத்தா மாதிரி அவரு" என்றேன்.

"அப்ப சித்தப்பன் பையன்?"

"அவனைக் கட்டலாம்."

"அய்யோ சாமி! அவன் அண்ணன் முறையாச்சுங்களே!" என்று காதைப் பொத்திக்கொண்டாள். நானும் என் பங்குக்கு முகத்தைச் சுளித்தேன். ஒருவர் வீட்டுச் சம்பந்தம் மற்றவருக்கு அருவருப்பு. எங்கள் டாக்டரம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. ஜீனுக்கு மாமனும் தெரியாது, மச்சானும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்னாடி டெஸ்ட் எடுத்துட்டுப் பேசுங்க."

எடுப்பது என்று முடிவு செய்தேன். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அல்லாஹ் அனுமதித்ததை ஊசி போட்டுச் சோதிப்பதா என்று முணுமுணுத்தார். நியாயம் கேட்கப் பள்ளிவாசல் ஹஜரத்திடமே போனோம். அவர் சிரித்தார். "கட்டலாம்னுதாம்மா இருக்கு, கட்டியே ஆகணும்னு இல்லியே. தாராளமா எடுங்க." மச்சானுக்கு நானே ரத்தம் எடுத்தேன். பத்து ஆள் சுமையைத் தனியாகத் தூக்குகிற மனுஷன், ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பிஸ்மில்லா சொன்னார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ரிப்போர்ட் வர நான்கு நாள் ஆகும். அதற்குள் டாக்டரம்மா ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார். சின்ன வயதில் வந்த நோய், ஆஸ்பத்திரியில் சேர்த்தது, ரத்தம் ஏற்றியது எல்லாவற்றையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். அம்மாவை அழைத்துக்கொண்டு ஆனைமலைக்குப் போனேன். மச்சானுடைய அம்மாவான என் மாமி, முறுக்குத் தட்டை நீட்டியபடி எதிரே உட்கார்ந்தார். பேனாவைத் திறந்துகொண்டு பெரிய டாக்டர் மாதிரி கேட்டேன்.

"மாமி, நான் கைக்குழந்தையா இருக்கறப்ப ஏதாவது சீக்கு வந்துச்சுங்களா?"

"உனக்கொண்ணுமில்லீங்கம்மணி. உங்கம்மாளுக்குத்தான் டைபாய்டு காச்சல். ஒரு வாரம் நெனவே இல்லாம ஆஸ்பத்திரில கெடந்தாங்க. உன்னை இங்க தூக்கிட்டு வந்துபோட்டோம். புட்டிப்பால் குடுத்தாத் துப்பிப்போடுவே. பாத்தேன். அப்பப் பொறந்திருந்த எம்பொண்ணுக்கு ஒரு பக்கம், உனக்கு ஒரு பக்கம்னு எடுத்து மடில போட்டுக்கிட்டேன். என்னா குடி குடிச்சே!"

மாமிக்கு முகமெல்லாம் பெருமை. நான் கூட "தாய்ப்பால், ஒரு வாரம்" என்று எழுதத் தொடங்கிவிட்டேன். அம்மாதான் முறுக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

"அண்ணி, இத ஏன் இத்தன வருசமாச் சொல்லல?"

"ஆருமே கேக்கலியே."

மார்க்கச் சட்டத்தில் பால் குடித்தால் உறவு. இரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை யாரிடம் பால் குடித்ததோ அவள் அதற்குத் தாய். அவள் பெற்ற பிள்ளைகள் அதற்கு உடன்பிறப்பு. உடன்பிறப்பைக் கட்ட முடியாது. இது எங்களில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் எங்களோடு சேர்த்து யோசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். யாரும் கேட்காத கேள்வியைப் பேனாவும் படிவமுமாகப் போய் நானே கேட்டேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்குச் செய்தே பார்த்தேன்.

திரும்பவும் ஹஜரத். இந்த முறை மச்சானும் வந்தார். வழக்கமாக வாயே திறக்காதவர் வக்கீலாகிவிட்டார்.

"நான் இவளவிட மூணு வயசு மூப்புங்க. நான் குடிச்சது வேற வருசத்துப் பாலு. இவ எந்தங்கச்சி பங்கத்தானுங்களே குடிச்சா?"

"வருசம் எதுவானாலும் தாய் ஒண்ணுதானே தம்பி" என்றார் ஹஜரத்.

மார்க்கச் சட்டத்தில் நான்கு மத்ஹப், அதாவது நான்கு வழி உண்டு; நாங்கள் ஹனஃபி. எங்களுக்கு ஒரு வாய் இறங்கினாலே போதும், உறவு வந்துவிடும். ஷாஃபி மத்ஹபில் ஐந்து தடவையாவது குடித்திருக்க வேண்டும். நான் அந்த நிமிடமே ஷாஃபிக்கு மாறத் தயாராக இருந்தேன். ஆனால் ஒரு வாரம்! அதுவும் என்னா குடி! எந்த மத்ஹபிலும் எனக்கு இடமில்லை. ஹஜரத்தும் வருத்தமாகத்தான் சொன்னார். மச்சான் எழுந்து வெளியே போய்ச் செருப்பைத் தேடினார். அது அவர் காலடியிலேயே கிடந்தது.

மறுநாள் ரிப்போர்ட் வந்தது. டாக்டரம்மா படித்துவிட்டு, "பயந்த மாதிரி ஒண்ணும் இல்ல. ரெண்டு பேருமே கேரியர் இல்ல, பிள்ளைக்கு வராது. போய் ஸ்வீட் வாங்கிட்டு வா" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "பாலா? அது ரத்தத்துலயே தெரியாதே" என்றார். "அதுதான் டாக்டர், எனக்கும் கஷ்டம்" என்றேன். காரமடைக்காரி என் பங்கு சாம்பிள்களையும் சேர்த்து அன்று அவளே பார்த்தாள். நான் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன். ரிப்போர்ட்டைக் கைப்பையில் வைத்தேன். யாரிடமும் காட்டவில்லை.

ஆறு மாதம் ஆனைமலைப் பக்கமே போகவில்லை. மச்சானின் தங்கைக்குக் குழந்தை பிறந்ததும் போகாமல் இருக்க முடியவில்லை. பிரியாணி சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தபோது பொள்ளாச்சி பஸ் போய்விட்டது. எனக்கோ சாயங்கால டியூட்டி. அம்மா மச்சானைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். பிறகு, கொடியிலிருந்து துணி எடுக்கச் சொல்வதுபோல சாதாரணமாகச் சொன்னார்.

"அண்ணங்கூட பொள்ளாச்சி வரைக்கும் பைக்ல போயிருங்கண்ணு. இனி என்ன தப்பு? தோளப் புடிச்சுக்க, உழுந்துபோடாத."

சட்டப்படி சரிதான். கட்டிக்கொள்ளக் கூடியவரோடு போகக் கூடாது. கட்டிக்கொள்ளவே முடியாதவரோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஏறி உட்கார்ந்தேன். தோளைப் பிடித்துக்கொண்டேன். சட்டை வெயிலில் சுட்டது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, நல்ல காற்று. அம்பராம்பாளையம் பாலம் வந்தது.

"அந்த ரிப்போர்ட்டு என்னாச்சு புள்ள? நீ சொல்லவே இல்ல" என்றார், திரும்பாமல்.

"ரெண்டு பேருக்குமே ஒண்ணுமில்லீங்க. பொறக்கற புள்ள நல்லாப் பொறந்திருக்கும்."

வண்டியின் வேகம் குறைந்தது. பொள்ளாச்சி வரும்வரை அவர் அதைக் கூட்டவே இல்லை. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின.