குழல் சூடாகும் நேரம்

எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கடிகாரமும் சரியான நேரம் காட்டாது. எல்லாம் முன்னால்தான் ஓடும். எவ்வளவு முன்னால் என்பதில்தான் வீட்டுக்கு வீடு வித்தியாசம். ஓசூரில் கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது, அதனால் இந்த ஏற்பாடு. எங்கள் வீட்டில் கால் மணி. எதிர் வீட்டில் அரை மணி, ஏனென்றால் அந்த வீட்டுக்காரர் குளிக்கப் போனால் லேசில் வரமாட்டார். எனக்கு மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தபோதே அதில் கால் மணியைக் கழிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடக் கடிகாரத்திலும் கழித்துச் சொல்லி, டீச்சரிடம் குட்டு வாங்கியிருக்கிறேன்.

அந்தக் கடிகாரத்தைப் பார்த்து வேலைக்குப் போனவர்கள் அப்பாவும், அப்பாவின் தங்கையான என் அத்தையும். அத்தைக்கு விவரம் தெரிவதற்குள் தாயும் தகப்பனும் போய்விட்டார்கள். அப்பாதான் வளர்த்தார், படிக்க வைத்தார், சுவிட்ச் செய்கிற கம்பெனியில் வேலைக்கும் சேர்த்துவிட்டார். அண்ணன் சொல்லுக்கு மறுசொல் சொல்லி நான் அத்தையைப் பார்த்ததில்லை.

எனக்கு எட்டு வயதான அந்த வருடம் அப்பாவின் கம்பெனியில் கதவடைப்பு. ஆடியில் பூட்டிய கேட் தீபாவளி கழிந்தும் திறக்கவில்லை. அப்பா தினமும் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிப் போய், பூட்டிய கேட்டுக்கு எதிரே மற்றவர்களோடு உட்கார்ந்துவிட்டு வருவார். வீடு அத்தையின் சம்பளத்தில் ஓடியது. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அம்மா மட்டும் அத்தையின் தட்டில் காயைக் கொஞ்சம் கூடுதலாகப் போடுவாள்.

அத்தைக்குக் குழல் பைத்தியம். அதிலும் எல்லாக் குழலும் இல்லை. கையை நன்றாக நீட்டினால்தான் கடைசித் துளைக்கு விரல் எட்டும், அந்தப் பெரிய குழல். பெங்களூர் வானொலியில் ஒரு வித்வான் அதை வாசிப்பார். கன்னட அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொல்ல ஆரம்பித்ததுமே அத்தை அரிசி களைவதை விட்டுவிட்டு ஈரக்கையோடு வந்து உட்கார்ந்துவிடுவாள். பெரிய குழலில் ராகம் நிதானமாக நடக்கும். அது முடிந்து அவர் சின்னக் குழலை எடுத்துப் பாட்டுக்குள் விறுவிறுவென்று போனதும், மிச்சத்தை வானொலிக்கே விட்டுவிட்டு அரிசிக்குத் திரும்பிப் போய்விடுவாள்.

அப்பா நாதஸ்வரக் கட்சி. "ஊதுனா தெருக்கோடி வரைக்கும் கேக்கணும். இது என்னமோ பானைக்குள்ள வாயை வச்சுப் பேசற மாதிரி இருக்குது" என்று தங்கையைச் சீண்டுவார்.

"பானைக்குள்ள பேசினா பக்கத்துல வந்துதானே கேக்கணும்? அதுக்குத்தான்ணா" என்பாள் அத்தை.

அவளிடம் குழல்காரர்களின் வரிசை ஒன்று இருந்தது. முதலிடம் வானொலி வித்வானுக்கு. அடுத்த இடம், பெங்களூரில் ராமநவமிப் பந்தலில் வாசித்த ஒரு வயதானவருக்கு. அந்தக் கச்சேரிக்கு அவளைக் கூட்டிப்போய், உட்கார இடம் கிடைக்காமல் கடைசி வரை நின்று, தூங்கிவிட்ட என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர் அப்பாதான். அந்த ஆயுத பூஜையோடு வரிசை மாறிவிட்டது.

பூஜைக்கு அத்தையின் கம்பெனியில் குடும்பத்தாரையும் உள்ளே விடுவார்கள். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். டூல் ரூமில் லேத்துக்குப் பக்கத்தில் ஜமுக்காளம் விரித்து, ஒல்லியாக ஒருவர் பெரிய குழலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மெஷின் எல்லாம் நின்றிருந்ததால் அந்த இடமே புதிதாக இருந்தது. அவர் வாசிக்க வாசிக்க, தூரத்தில் நின்ற அத்தை ஒவ்வோர் அடியாக முன்னால் போனாள். கையில் பொரிப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். என்னுடையதைத் தின்றுவிட்டு அவளுடையதையும் நான் தின்று முடித்தேன். அவளுக்குத் தெரியவே தெரியாது.

அவரும் அத்தையும் தினமும் ஒரே கம்பெனி பஸ்ஸில்தான் போய்வந்தார்களாம். தீபாவளிக்கு முன்பே அவருடைய சூப்பர்வைசர் அப்பாவிடம் பெண் கேட்டு வந்தார். பையன் மதுரைக்குத் தெற்கே ஏதோ ஊர், அம்மா மட்டும் இருக்கிறார், கெட்ட பழக்கம் கிடையாது. அப்பாவும் நாலு இடத்தில் விசாரித்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் அத்தை என் தலையைப் பின்னும்போது ராகத்தை முனகிக்கொண்டே பின்னுவாள். சடை கோணிக்கொண்டு போகும். நான் கண்டுகொள்ளவில்லை, அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். எங்கள் தரப்பில் முக்கியமானவர் அம்மாவின் அண்ணன், சிங்காரப்பேட்டைப் பெரிய மாமா. பஞ்சாங்கத்தோடு காலையிலேயே வந்து இறங்கிவிட்டார். அவர் தலையாட்டாமல் எங்கள் வீட்டில் ஒரு காரியமும் நடக்காது. நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் வெற்றிலைத் தட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, சுவர்க் கடிகாரத்துக்கு நேராக நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். தோட்டமும் துரவுமாக இருந்த மனிதர், கம்பெனிக்காரர்களின் கடிகார வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்?

குழல்காரர் தன் அம்மாவோடு வந்தார். கையில் நீளமான துணிப்பை. கேசரியும் காபியும் ஆனது. அப்பா சிரித்தபடி, "பொண்ணைப் பாடச் சொல்றதெல்லாம் பழைய வழக்கம். எங்க வீட்டுல மாப்பிள்ளைதான் வாசிச்சுக் காட்டணும். அப்புறம்தான் தட்டு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளறையில் திரைக்குப் பின்னால் என்னை மடியில் வைத்துக்கொண்டிருந்த அத்தையும் சிரித்தாள். தங்கைக்காக அண்ணன் செய்த வேடிக்கை என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டோம். அது வேடிக்கைதான் என்று இன்றைக்கும் நம்பவே எனக்கு ஆசை.

குழல்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, குழலை எடுத்தார். வெளியே தூறல். ஓசூர்க் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கார்த்திகைத் தூறலில் அலுமினியத் தட்டைத் தொட்டால்கூடக் கையை இழுத்துக்கொள்ளத் தோன்றும். அவர் குழலை உதட்டில் வைத்து ஊதினார். வெறும் காற்று. மறுபடியும் ஊதினார். காற்றுதான். பெரிய மாமா கடிகாரத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"ஏய்யா, பயந்துக்கிட்டியா? தெரிஞ்சதை வாசிய்யா" என்றார் குழல்காரரின் அம்மா மெதுவாக.

"இல்லம்மா, கொஞ்சம் பொறுங்க."

"சத்தம் வர்ல" என்று நான் அத்தையிடம் கிசுகிசுத்தேன்.

"சூடு பண்றாரு கண்ணு. மூங்கில் குளுந்து கெடக்குது. மூச்சு பட்டுப் பட்டுத்தான் இளகும். இப்ப வரும் பாரு" என்றாள். அவளுடைய மூச்சும் அவரோடு சேர்ந்து போய்வந்ததை என் முதுகில் உணர்ந்தேன். அந்தக் கூட்டத்தில் அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்த ஒரே ஆள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

கடிகாரம் அரை மணிக்கு ஒரே ஒரு முறை அடித்தது. அதன் ரீங்காரம் அடங்குவதற்கு முன்னாலேயே குழலில் சத்தம் வந்தது. ஒரே சுரம்தான். அடியில், ரொம்ப அடியில், ஆடாமல் அசையாமல் நின்றது. என் விலா எலும்புக்குள் அது அதிர்ந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டாள்.

பெரிய மாமா கையைத் தூக்கினார். "போதும் நிறுத்துப்பா. நேரம் பூடுச்சி."

குழல் நின்றது.

"நல்ல நேரத்துல ஊதுனது பூரா காத்தாப் போச்சி. ராகு பொறந்தப்புறம் சத்தம் வருது. எனக்கு மனசுக்குச் சரியாப் படலைம்மா. இது ஆவாது" என்று மாமா என் அம்மாவிடம் சொன்னார். அம்மா கையிலிருந்த வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்து, "அப்பா, நம்ம கடியாரம் கா மணி முன்னாடிதானே ஓடுது? இன்னும் நேரம் ஆவலியே!" என்றேன். கழித்தல் கணக்கை இத்தனை பேர் ஒன்றாக மறந்துவிட்டார்களே என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அப்பா என்னைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்தார். "இல்லம்மா. நான்தான் இப்ப வேலைக்குப் போறதில்லையே, அது எதுக்கு முன்னாடி ஓடணும்? நேத்தே சரி பண்ணிட்டேன்."

குழல்காரரின் கை சட்டைப் பைக்குப் போனது. கடிகாரம் இருந்த பைதான். கை அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வெறுமனே கீழே இறங்கி, குழலைத் துணியில் சுற்ற ஆரம்பித்தது. "வர்றோம்ங்க" என்று எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டார். இன்னொரு நாள் பார்க்கலாம் என்று அப்பா வாசல் வரை போய்ச் சொன்னார். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை திரையின் ஓரத்தில் நின்றுகொண்டு அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அத்தையோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். திங்கட்கிழமைகளில் அப்படிப் போவது எனக்கு வழக்கம். வீட்டுக் கடிகாரம் காட்டிய நேரம் சரியென்றால், பஸ் அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லை. தைல மரங்களுக்குக் கீழே நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். வழக்கம்போலக் கால் மணி கழித்துத்தான் பனிக்குள்ளிருந்து பஸ்ஸின் விளக்கு தெரிந்தது.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அத்தே, பாத்தியா! கடியாரம் இன்னும் முன்னாடிதான் ஓடுது. அப்பாதான் மறந்துட்டாரு. நேத்து நேரம் ஆவவே இல்ல!" என்று அவள் கையைப் பிடித்துக் குதித்தேன். எல்லாவற்றையும் நான் ஒருத்தியாகச் சரி செய்துவிட்டேன் என்று நினைப்பு.

"தெரியும் கண்ணு" என்றாள் அத்தை.

பஸ் வந்து நின்றது. சன்னலோரம் குழல்காரர் உட்கார்ந்திருந்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. "அவருக்கும் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஏறி, முன்னால் பெண்கள் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். நான் அவரைப் பார்த்துக் கையசைத்தேன். அவரும் அசைத்தார். அப்புறம் என்ன, எல்லாம் நல்லபடி நடக்கும் என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

வீட்டில் அப்பா ஸ்டூலின் மேல் ஏறி நின்று, கடிகாரக் கண்ணாடியைத் திறந்து முள்ளைப் பின்னால் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நேத்தே சரி பண்ணிட்டேன்னு சொன்னியேப்பா?"

முள்ளைத் திருப்பி முடித்த பிறகும் அப்பா ஸ்டூலை விட்டு இறங்காமல், சுவரைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார். அவர் முகத்தை அன்று நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் எட்டு வயதில் எனக்கு அது விளங்கியிருக்காது.

அதற்குப் பிறகு எங்கள் தெருவிலேயே சரியான நேரம் காட்டிய கடிகாரம் எங்களுடையது மட்டும்தான். ஆனால் அத்தை முன்போலவே கால் மணி முன்னதாகக் கிளம்பிப் போனாள். ஒரு நாள் டிபன் பாக்ஸை மறந்துவிட்டாள் என்று அம்மா என்னைத் துரத்திவிட்டாள். நிறுத்தத்தில் அத்தை நின்றிருந்தாள். நாலைந்து மரங்கள் தள்ளிக் குழல்காரரும் நின்றிருந்தார். அவருடைய நிறுத்தம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், அங்கிருந்து இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். குழலை உதட்டில் வைத்திருந்தார், சத்தம் வரவில்லை. வெறுமனே மூச்சை விட்டுவிட்டுச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார். அத்தை ரோட்டைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். நான் இரண்டு முறை கூப்பிட்டும் அவள் காதில் விழவில்லை. பஸ் விளக்கு தெரிந்ததும் அவர் குழலைத் துணியில் சுற்றிவிட்டார். இத்தனை நேரம் சூடு பண்ணிவிட்டு வாசிக்காமலே விட்டுவிட்டாரே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மறு வருடம் அப்பாவின் கம்பெனி கேட் திறந்தது. அதற்குள் குழல்காரர் பெங்களூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டிருந்தார். அப்பா ஓடியோடி வரன் பார்த்தார். ஒவ்வொரு வரனையும் அத்தை குரல் உயர்த்தாமல் வேண்டாம் என்றாள், அப்பாவும் ஏன் என்று கேட்கவில்லை. வானொலி வித்வானுக்கு மட்டும் ஈரக்கையோடு வந்து உட்காருவாள், முன்பு போலவே.

குழல்காரர் போன பிறகும் அத்தை கால் மணி முன்னதாகவேதான் கிளம்புவாள், மார்கழிப் பனியில்கூட. அவள் செருப்பை எடுக்கும் சத்தம் கேட்டதும் அப்பா கடிகாரத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டுப் பேப்பருக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். கடிகாரத்தைத் திருத்தியது நினைவில்லாமல் அத்தை பழைய பழக்கத்திலேயே கிளம்பிவிடுகிறாள், பாவம், வீணாகக் குளிரில் நிற்கிறாள் என்று நினைத்து ஒரு நாள் நானே வாசலில் அவளை மறித்துச் சொன்னேன்.

"அத்தே, நம்ம கடியாரம் இப்ப சரியாத்தான் ஓடுது. இன்னும் கா மணி இருக்குது."

"இருக்கட்டும் கண்ணு" என்று சொல்லிவிட்டு அத்தை பனிக்குள் இறங்கி நடந்தாள்.