கரகரப்புக்குக் கழித்த மார்க்

அந்த வாத்தியக் கடைக்குக் கிட்டார் வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்குவதில்லை. சுவரில் தொங்குவதில் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். ஸ்டூலில் உட்கார்ந்து தங்களுக்குத் தெரிந்த ஒரே பாட்டை வாசிப்பார்கள். "வீட்ல கேட்டுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பலகைத் தடுப்புக்குப் பின்னால் பழுதுபார்க்கும் அறையில் இருக்கும் மனிதர் அவர்கள் முகத்தைப் பார்த்ததே இல்லை. புதுத் தந்தி வரும் காகித உறையைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் அவர்களுக்கு மார்க் மட்டும் போடுவார்.

இதைச் செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை. பத்தொன்பது வருடமாகச் செய்துவந்தார். வலது கை, இடது கை, தாளம், சுத்தம் என்று நான்கு கட்டம், கட்டத்துக்கு இருபத்தைந்து. ஒவ்வொரு தவறுக்கும் அரை மார்க் கழிப்பார். கடையில் அவருக்கு 'அரைமார்க்கு' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கல்லாவில் இருக்கும் முதலாளி எப்போதாவது தலையை நீட்டிக் கேட்பார்.

"இப்ப ஒருத்தர் வாசிச்சாரே, எப்படி?"

"அம்பத்தி ரெண்டரை."

"கேக்க நல்லாத்தானய்யா இருந்துச்சு?"

"கேக்க நல்லா இருந்ததாலதான் அம்பது தாண்டுச்சு."

நகத்தால் நைலான் தந்தியை மீட்டுகிறவரையும், ஆம்ப்ளிஃபயரை அலறவிட்டு மின்னல் வேகத்தில் ஓடுகிறவரையும், ஒரு சுரத்தை வளைத்து வளைத்து அழவைக்கிறவரையும் ஒரே காகிதத்தில் எப்படி அளக்க முடியும்? அதற்கு அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒவ்வொரு பாணியும் ஏதாவது ஒரு குறையை மறைத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது என்பது அவர் கட்சி. வேகம் பிசிறை மறைக்கும். அழுகை சுருதியை மறைக்கும். நைலானின் இனிமை தாளத்தை மறைக்கும். பாடிக்கொண்டே வாசிக்கிறவர் எல்லாவற்றையும் தொண்டையால் மறைத்துவிடுவார். ஆகவே, ஓடுகிறவனை நடக்கச் சொல். அழுகிறவரிடம் அழுகை எந்தச் சுரத்தில் போய் முடிகிறது என்று கேள். பாடுகிறவரை வாயை மூடச் சொல். மறைப்பு போனபின் மிஞ்சுவதற்கு மார்க்.

இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஓரளவுதான். சட்டையைக் கழற்றினால்தான் ஆளைத் தெரியும் என்பது வைத்தியருக்குப் பொருந்தும், நண்பருக்குப் பொருந்தாது. ஆனால் அளக்கக் கிளம்பியவர்களில், தன் அளவுகோல் எதற்குப் பொருந்தாது என்று யோசித்தவர்கள் குறைவு. அவரும் அந்தக் குறைவானவர்களில் ஒருவர் அல்லர். ஒருமுறை கடை காலியாக இருந்தபோது தானே வாசித்துத் தனக்கு அறுபத்தொன்று போட்டுக்கொண்டார். பிறகு, தனக்கே போட்டுக்கொண்டதால் அதிலும் அரை கழித்தார்.

வீட்டில் நிலைமை வேறு. இரண்டு அறை, ஒரு ஹால். அந்த ஹாலில் மூன்று வருடமாக அவர் மனைவியின் தம்பி இருந்தான். "ஒரு மாசம் மட்டும்" என்று ஒரு பையோடு வந்தவன். இப்போது ஹாலில் அவன் படுக்கை, அவன் ஆம்ப்ளிஃபயர், அவன் ஈர டவல். அரைமார்க்கு செய்தித்தாள் படிக்கும் நாற்காலி சமையலறைக்குக் குடிபெயர்ந்து வெகுநாள் ஆகிவிட்டது.

மச்சினன் வாசிப்பது வேக வகை. மாலையில் மாமா வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் விரல்கள் ஓட ஆரம்பிக்கும். மாமா சமையலறையில் இருந்தபடியே கழிக்க ஆரம்பிப்பார். ஏழாவது ஃப்ரெட்டுக்கு, அதாவது கிட்டாரின் கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டைகளில் ஏழாவதுக்கு, அவன் விரல் போகும்போதெல்லாம் தந்தி ஒரு வண்டுபோலக் கரகரக்கும்.

"கரகரப்பு! விரலை அழுத்துடா!"

"மாமா, அழுத்தித்தான் வைக்கிறேன். கிட்டார்லதான் ஏதோ கோளாறு."

"அந்தப் பட்டையை மாத்தினது யாரு? நானு. யாரோ திருப்பிக் கொடுத்த கிட்டாரை என் கையால சரிபண்ணி உனக்குக் கொடுத்தேன். ஆடத் தெரியாதவன் மாதிரி தரையைக் குத்தம் சொல்லாதே."

அத்தோடு பேச்சு முடியும். அந்தப் பட்டையை அவர் ஒருமுறைகூடத் திரும்பச் சோதித்துப் பார்த்ததில்லை. தான் செய்த வேலையைச் சோதிப்பது தன்னையே சந்தேகிப்பது ஆகும் என்று நினைத்தார்போல.

இப்படி இருக்கையில் ஊரிலிருந்த இசைப் பள்ளியில் கிட்டார் ஆசிரியர் வேலை ஒன்று காலியானது. மாதச் சம்பளம், பள்ளிக்குப் பின்னாலேயே தங்க ஓர் அறை. அந்த அறை என்ற சொல்லைக் கேட்டதும் அரைமார்க்கின் மனத்தில் ஒரு ஹால் விரிந்தது, சன்னலோரம், நாற்காலியோடு. மச்சினன் விண்ணப்பம் போட்டான். மறுவாரம் பள்ளி முதல்வர் கடைக்கு வந்து, பலகைத் தடுப்பைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டார்.

"அஞ்சு பேர் வர்றாங்க சார். அஞ்சும் அஞ்சு பாணி. எங்க வாத்தியார்களை விட்டா அவங்கவங்க பாணிக்குத்தான் மார்க் போடுவாங்க. நீங்கதான் யாரையும் பாராட்டாதவர்னு கேள்விப்பட்டேன். நீங்க வரணும்."

"என் மச்சினனும் வர்றான் சார்."

"திரை கட்டிடறோம்."

"திரை கண்ணுக்குத்தான் சார். அவன் இருமினாலே எனக்குத் தெரியும்."

"இருமக் கூடாதுன்னு சொல்லிடறோம்" என்றார் முதல்வர். அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது.

அன்று மாலை மனைவி சமையலறையில், அவர் நாற்காலிக்கு ஓர் அடி தூரத்தில் நின்று பேசினாள்.

"என்னங்க, அதிகமாப் போடுங்கன்னு நான் சொல்லல. குறைக்காம இருங்க."

"நான் ஏன் குறைக்கணும்?"

"உங்க ஆளாச்சேன்னு குறைப்பீங்க. உங்க புத்தி எனக்குத் தெரியாதா? நமக்குக் கல்யாணமான புதுசுல என் சமையலைப் பத்திக் கேட்டதுக்கு 'தேறும்'னு சொன்ன ஆளு நீங்க."

அவரது சங்கடம் அவளுக்குத் தெரிந்ததைவிடச் சிக்கலானது. மச்சினன் ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட அவருக்கு ஆசை. ஆசை இருப்பதால் கூட்டிப் போட்டுவிடுவோமோ என்று பயம். பயத்தில் குறைத்துவிட்டால் அதுவும் அநியாயம். முதலில் அவனுக்கு ஐந்து மார்க் கழித்துவிட்டுத் தொடங்கலாமா என்று யோசித்தார். பிறகு, கழித்ததற்கு ஈடாக இரண்டரை கூட்டலாமா என்று யோசித்தார். இரண்டும் வேண்டாம், கேட்டது கேட்டபடி போடுவது என்று கடைசியில் தீர்மானித்தார். எளிய முடிவு, ஆனால் கேட்பது யார் என்ற கேள்வி அதில் விட்டுப்போயிருந்தது.

தேர்வன்று பள்ளியின் சிறிய கூடத்தில் நீலப் போர்வை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அரைமார்க்கு முன்வரிசையில் தந்தி உறைகளோடு உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் தம் பாணியில் ஒன்று, அதையே பாதி வேகத்தில் மறுபடி, பிறகு தமக்குப் பழக்கமில்லாத பாணியில் ஒன்று வாசிக்க வேண்டும்.

முதல் ஆள் அழவைக்கும் வகை. அழுகை சுருதிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. இரண்டாமவர் பாதி வேகத்துக்கு வந்ததும் வழிதெரியாமல் பாதியில் நின்றார். மூன்றாவது ஆள் வாசிக்கத் தொடங்கினார். சுத்தமான கை. விரலால் மீட்டும் வகை. எண்பதுக்கு மேல் போகும் என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தபோது, ஏழாவது பட்டையில் அந்த வண்டு கத்தியது.

அரைமார்க்குக்குச் சிரிப்பு வந்தது. 'பயல் விரலால வாசிச்சு என்னை ஏமாத்தப் பாக்கறான்' என்று நினைத்துக்கொண்டார். ஐந்து இடத்தில் கரகரப்பு. ஐந்து அரை, இரண்டரை. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. மொத்தம் எண்பத்தொன்று. தன் நேர்மையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

நான்காமவர் பாடிவிட்டார்; பாடக் கூடாது என்று முதல்வர் எழுந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. ஐந்தாவது ஆள் பாதி வேகத்தில் வாசித்தபோது அரைமார்க்கு பென்சிலைக் கீழே வைத்தார். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளிகூட நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போனது. அவசரமே இல்லாத கை. வேகப் பகுதியில் சில பிசிறுகள் இருந்தன, அவற்றைக் கழித்தார். எண்பத்திரண்டரை. பத்தொன்பது வருடத்தில் அவர் போட்ட மிகப் பெரிய மார்க் அது.

"அஞ்சாவது ஆள்" என்றார் முதல்வரிடம். "மூணாவது என் மச்சினன். ஒன்றரையில விட்டுட்டான்."

போர்வையை விலக்கினார்கள். ஐந்தாவது நாற்காலியில், பள்ளியின் பழைய கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மச்சினன் இளித்தான். மூன்றாவது நாற்காலியில் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, அவன் கிட்டாரோடு இருந்தார்.

"டேய், நீ எங்கடா அங்க?"

"என் கிட்டாரோட வந்தா கண்டுபிடிச்சுக் குறைப்பீங்கன்னு தெரியும் மாமா. இந்த அக்காவோட கிட்டார்ல தந்தி முறுக்குற சாவி உடைஞ்சு போச்சுன்னாங்க. என்னுதை அவங்களுக்குக் கொடுத்துட்டு, இங்க இருந்ததை நான் எடுத்துக்கிட்டேன். எப்படி?"

பெண்மணி சிரித்தார். "தம்பி புண்ணியத்துலதான் இன்னைக்கு வாசிச்சேன். ஏழாவது பட்டையில மட்டும் கொஞ்சம் கரகரன்னுச்சு. எவ்வளவு அழுத்தியும் போகல. பரவாயில்ல."

அரைமார்க்கு எழுந்து போய் அந்தக் கிட்டாரை வாங்கினார். ஏழாவது பட்டையில் விரலை வைத்து, ரத்தம் நின்று வெளுக்கும்வரை அழுத்தி மீட்டினார். வண்டு கத்தியது. இன்னொரு முறை மீட்டினார். கழுத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். எட்டாவது பட்டை மயிரிழை உயர்ந்து நின்றது. ஏழாவதைப் புதிதாகப் பதித்தவர், பக்கத்தில் இருந்ததோடு அதைச் சமப்படுத்த மறந்திருந்தார்.

இதை அந்தக் கூடத்தில் வேறு யாரும் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை. அவர் கிட்டாரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். மச்சினனுக்கு வேலை, அவருக்கு ஹால். முதல்வர் ஏற்கெனவே பேனா மூடியைத் திறந்துவிட்டிருந்தார்.

"சார், கொஞ்சம் இருங்க" என்றார் அரைமார்க்கு. "மூணாவதுக்கு ரெண்டரை மார்க் கூட்டணும். கரகரப்பு அவங்க கை இல்ல. என் கை."

"நீங்க எங்க சார் வாசிச்சீங்க?"

"வாசிக்கல. சரிபண்ணேன்."

எண்பத்தொன்று எண்பத்து மூன்றரை ஆனது. ஐந்தாவது ஆள் ஒரு மார்க்கில் பின்தங்கினான். முதலில் புரிந்துகொண்டவன் மச்சினன்தான்.

"மாமா! அப்போ மூணு வருஷமா எனக்குக் கழிச்சீங்களே, அதெல்லாம் என்னாச்சு? அதைக் கூட்டுங்க! இன்னைக்குத் தேதிக்கு நான் ஆயிரத்துக்கு மேல வாங்கியிருப்பேன்!"

"அது வீட்டுக் கணக்குடா."

"வீட்லதானே மாமா அநியாயம் நடந்துச்சு?"

முதல்வர் இன்றைய தேர்வுக்கு மட்டும்தான் பள்ளி பொறுப்பு என்றார். பெண்மணி எழுந்து, "இந்தத் தம்பி கிட்டார் தரலைன்னா நான் வாசிச்சிருக்கவே மாட்டேன், அவருக்கே கொடுங்களேன்" என்றார். அரைமார்க்கு தலையாட்டி மறுத்தார். கிட்டார் கொடுத்ததற்கு அவர் காகிதத்தில் கட்டம் கிடையாது. அது அந்தக் காகிதத்தின் குறைதான். ஆனால் அன்றைக்கு இருந்த காகிதம் அது ஒன்றுதான். வேலை பெண்மணிக்குப் போனது. அடுத்த வருடம் இன்னொரு இடம் வரும் என்று முதல்வர் மச்சினன் தோளைத் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்து அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவன் அவ்வளவு நல்லா வாசிப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "இங்க ஒருநாளும் அப்படி வாசிச்சதில்லையே."

"தினமும் வாசிப்பான். நீங்க வேலைக்குப் போனப்புறம். மதியமெல்லாம் ஒரே பாட்டை அப்படியே ஊறவெச்சு வாசிப்பான். மாடி வீட்டுக்காரம்மா கூட இறங்கி வந்து கேப்பாங்க. நீங்க படியேறுற சத்தம் கேட்டாத்தான் அவன் கை ஓட ஆரம்பிக்கும். எப்ப கழிப்பீங்களோன்னு பயம்."

மூன்று வருடம் மச்சினனை அளந்ததாக நினைத்திருந்தார். அவர் அளந்தது, தன்னைக் கண்டு பயந்த ஒருவனை மட்டும்தான்.

"அடுத்த வருஷம் இடம் வருதுன்னாங்களே, அதுல அவன் ஜெயிக்கணும்" என்றாள் மனைவி. "அதுவரைக்கும் சாயங்காலம் எட்டு மணிக்கு மேல வீட்டுக்கு வாங்க. அவன் நிம்மதியாப் பழகட்டும்."

"எட்டு வரைக்கும் நான் எங்க போறது?"

"கடையில இருங்க. அந்தப் பட்டையைச் சரிபண்ணுங்க முதல்ல."

மச்சினன் கிட்டாரை உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தான். கதவைத் திறந்தும் விட்டான். "அவசரமில்ல மாமா" என்றான். "மெதுவாப் பண்ணுங்க."