வெர்னாவின் சாம்பல் நிறக் கதவு

இரண்டாம் உலகப்போரின்போது கப்பல் கட்ட ஆள் வேண்டுமென்று எங்களைக் கலிபோர்னியாவுக்குக் கூப்பிட்ட அரசாங்கம், கண்மூடித் திறப்பதற்குள் ஒரு குடியிருப்பையே எழுப்பிவிட்டது. வீடெல்லாம் ஒரே அச்சு. கப்பலுக்கு அடித்து மிஞ்சிய சாம்பல் பெயிண்ட்தான் எல்லாக் கதவுக்கும். பூட்டுகூட மொத்தமாக வாங்கியது. ஒரு சாவி இருந்தால் தெரு முழுக்கத் திறக்கலாம். நான் குறை சொல்ல மாட்டேன். ஓக்லஹோமா புழுதியைத் தின்று வளர்ந்தவள் நான். குழாயைத் திருகினால் வெந்நீர் வரும் என்பதை அந்தக் குடியிருப்பில்தான் கண்டேன். அந்த வீட்டுக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

எதிர்வீட்டு வெர்னா டீக் என்பவள் கப்பல் தளத்தில் வெல்டிங் வேலை பார்த்தாள். கணவன் போர்முனையில். அவள் வாயைத் திறந்தால் தெருவே அடங்கும். அவளுக்குப் பக்கத்து வீடு ஆர்வில் ப்ரூயிட்; மனைவியை இழந்தவர். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி வழிந்துகொண்டே வருபவர், அடிக்கடி வெர்னாவின் வீட்டைத் திறந்துவிடுவார். ஒருநாள் அவளுடைய பீன்ஸையும் தின்றுவிட்டு, சோபாவில் குறட்டை விட்டார்.

"யோவ், இது என்ன சத்திரமா? கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"மன்னிச்சிடும்மா. ஆனா பீன்ஸ்ல உப்பு கம்மி."

"திருட்டுச் சாப்பாட்டுக்கு உப்பு வேற கேக்குதா! திங்கக்கிழமை பூட்ட மாத்துறேன், அப்புறம் எப்படி நுழையறன்னு பாக்கறேன்."

பூட்டுக்காரனுக்கும் சொல்லிவிட்டாள்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுமுறை. நாங்களெல்லாம் வேலைக்குப் போன பிறகு, அவளுக்குக் குடல்வால் வெடித்து, சமையலறைத் தரையில் சுருண்டுவிட்டாள். கதவு பூட்டியிருந்தது. கூப்பிடத் தெம்பில்லை, கூப்பிட்டாலும் கேட்க ஆளில்லை.

ஆர்வில் வந்தார், வழக்கம்போல வீடு மாறி. அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

கண்விழித்ததும் வெர்னா என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "பூட்டுக்காரன் வந்தா திருப்பி அனுப்பிடுடி."

போர் முடிந்தது. அவள் கணவன் பத்திரமாகத் திரும்பினான். அந்த வீடுகளை எங்களுக்கே விற்றார்கள். ஆளுக்கொரு நிறம் அடித்தோம், பூட்டை மாற்றினோம். வெர்னாவும் ஆர்வில்லும் மட்டும் இரண்டையும் தொடவில்லை. ஆர்வில் ஓய்வு பெற்றுப் பல வருடமாகியும் வெர்னாவின் அடுப்பில் அவருக்காகத் தினமும் பீன்ஸ் இருந்தது, உப்பு தூக்கலாக.

"தெருவே மாத்திடுச்சு. நீயும் நல்லதா ஒரு பச்சை அடிச்சா என்னடி?" என்று கேட்டேன்.

"அடிச்சா அந்த மனுஷன் தன் வீட்டக் கண்டுபிடிச்சிடுவாரே" என்றாள்.