நடுங்காமல் இருக்க இரண்டு சட்டை

அடுப்படியிலிருந்து ஒரு பெண் விம்மும் சத்தம் கேட்டது. முன்னறையில் தாம்சின் அக்கா ஜெபப் புத்தகத்தை மூடினாள்.

"யாருடி அது, மார்ஜரி?" என்று அவளிடம் வேலை பார்க்கும் என்னைக் கேட்டாள்.

"குதிரை திருடின காலேப்போட பொண்டாட்டி உர்சுலா. நாளைக் காலையில அவனுக்குத் தூக்கு. சட்டை வேணுமாம்."

எங்கள் எக்ஸிடர் நகரில் சலவைக்காரி தாம்சினின் சட்டை எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் சார்லஸ் ராஜாவின் தலையை வெட்டியபோது அவள் அப்பா லண்டனில் கூட்டத்தோடு நின்றவர். குளிரில் உடம்பு நடுங்கினால் பயம் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே என்று, ராஜா இரண்டு சட்டை போட்டுக்கொண்டு வந்தாராம். அந்தச் சேதி தாம்சினின் நெஞ்சில் தைத்துவிட்டது. குளிர்காலத்தில் தூக்குமேடை ஏறுகிறவன் எவனானாலும் அவள் கையால் இரண்டு சட்டை. திருடனா, கொலைகாரனா என்று கேட்டதே இல்லை.

ஆனால் ஜனவரி முப்பது, ராஜா ரத்தசாட்சியான நாள். அன்று அந்தி ஜெபம் முடியும்வரை பட்டினி, ஊசியைத் தொடமாட்டாள். இருபத்திரண்டு வருஷமாகக் காத்துவரும் விரதம். இன்று அந்த நாள்தான்; அந்தி ஜெபத்துக்கு இன்னும் நேரம் இருந்தது.

இந்தக் காலேப், ராஜாவை வெட்டியது சரிதான் என்கிற கட்சி; வருஷா வருஷம் இதே நாளில் சாராயக்கடையில் கன்றுத்தலையை வேகவைத்து, "இதுதான்டா அவங்க ராஜா!" என்று கூத்தடித்து, எலும்பை இவள் வாசலில் எறிகிறவன். தாம்சின் அக்கா அழுதுகொண்டே அதைப் பொறுக்குவாள், பாவி மகள்!

"விரட்டி விடுக்கா. நடுங்கட்டும் அவன். ஊரே பார்க்கட்டும்" என்றேன்.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"மனசு திருந்திட்டானா?"

"பொய் சொல்ல மாட்டேன் அம்மா" என்றாள் உர்சுலா. "உங்க ராஜாவுக்காக முட்டி போட மாட்டேங்கிறாரு. ஆனா நாளைக்கு மக வந்து நிப்பா. அவ கண்ணு முன்னால நடுங்கிடக் கூடாதாம்."

தாம்சின் சிரித்துவிட்டாள். "கயிறு விழுற வரைக்கும் அந்த வாய் அடங்காது!"

பெட்டியிலிருந்து இரண்டு சட்டைகளை எடுத்தாள். ஒன்றை விரித்துப் பார்த்த உர்சுலா மறுபடி உடைந்து அழுதாள். "அவரு எருது மாதிரி ஆளு அம்மா. தோள்லயே கிழிஞ்சிடும்."

சட்டைக் கையைப் பிரித்து, அக்குளில் துணி கொடுத்துத் தைக்க வேண்டும். அதுவும் இப்போதே, சிறைக்கதவு சாத்துவதற்குள். தாம்சின் ஊசியை எடுத்தாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன்.

"அக்கா! இன்னைக்கு என்ன நாளுன்னு..."

"எனக்கா தெரியாது? வெட்டினவங்களையே மன்னிச்சிட்டுப் போன மகராசன்டி அவரு. ஒரு ஊசிக்காகவா எங்கிட்ட கோவிச்சுக்கப் போறாரு?"

சொல்லிவிட்டாளே தவிர, அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. ஆறே உறைந்த குளிர், வெறும் வயிறு, ஊசிக்காதில் நூல் ஏறவில்லை. நான்தான் வாங்கிக் கோத்துக் கொடுத்தேன். கடைசியில், கயிற்றுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதென்று கழுத்துப்பட்டிகளை வெட்டி எடுத்தாள். உர்சுலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சட்டைகளை வாங்கியவள் காலில் விழப் போனாள்.

"எந்திரிம்மா. சிறைக்கதவு சாத்துறதுக்குள்ள ஓடு. ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணா போட்டுக்கச் சொல்லு."

உர்சுலா மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு பனியில் ஓடினாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்து நின்றுவிட்டு, தாம்சின் அக்கா கதவைச் சாத்தினாள்.