ஏழு வருடத்துப் பூ

எண்பதுகளின் நடுவில், நியூசிலாந்தின் பக்குரங்காவில் ஒரு வெல்ஷ் மூதாட்டியின் பின்னறையில் நானும் மச்சானும் வாடகைக்கு இருந்தோம். மனைவி கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தாள். அதற்கு வீட்டுக்காரரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு எழுதித் தருவதாக மூதாட்டி சொல்லியிருந்தார்.

அவருடைய தகப்பனார் வேல்ஸில் ஒரு பழைய மாளிகையின் தலைமைத் தோட்டக்காரர். அந்தத் தோட்டத்தைச் சின்ன அளவில் இங்கே எழுப்புவதுதான் மகளின் முழுநேர உத்தியோகம். கத்தரித்த வேலி, படிப்படியாக இறங்கும் பாத்திகள், நடுவே மாளிகை வாசலில் நின்ற அதே இனத்து வெள்ளைக் கமீலியாப் பூச்செடி. எல்லாவற்றையும் விளக்குவார். நான் தலையாட்டுவேன். கேட்பதில்லை.

வெள்ளி விடிய எழும்பிக் குளித்தேன். கடிதம் கிடைக்கும் நாள், பிள்ளையார் படத்துக்கு ஒரு பூவாவது வேண்டாமா? தோட்டத்தில் ஒன்றே ஒன்று விரிந்திருந்தது. ஊரில் பக்கத்து வளவுப் பூவைச் சாமிக்குப் பிடுங்க யாரிடம் கேட்டோம்? பிடுங்கினேன்.

மச்சான் படத்தைப் பார்த்ததும் பல் துலக்குவதை நிறுத்தினான்.

"டேய், இது எங்கால?"

"நடுவில நிக்கிற செடியில."

"அறுவானே! ஏழு வருசத்தில முதல் பூவடா. இண்டைக்குப் படமெடுத்து வேல்ஸுக்குத் தங்கச்சிக்கு அனுப்பப் போறன் எண்டு வீட்டுக்கார மனுசி நேற்றுச் சொன்னதெல்லோ?"

"நான் அப்ப தலையாட்டிக்கொண்டு நிண்டனான்."

"செலோடேப் கிடக்கு. ஒட்டுவமோ?"

ஜன்னலால் பார்த்தேன். மூதாட்டி கமராவோடு செடியைச் சுற்றி நடந்தார். குனிந்து மண்ணைப் பார்த்தார். பிறகு எங்கள் ஜன்னலைப் பார்த்தார்.

கதவு தட்டப்பட்டது. மச்சான் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டான். உறவு என்றால் இதுதான்.

அவருடைய ஒரு கையில் கமரா, மறு கையில் கடிதத்தாள். தாள் வெறுமையாக இருந்தது. பறவை கொத்தியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் கண் என் தோளுக்குப் பின்னால் பிள்ளையாரிடம் போய்விட்டது.

"நான்தான் பிடுங்கினேன். கடவுளுக்கு."

"கடவுளிடம் என்ன கேட்டீர்?"

"உங்கள் கடிதத்தை."

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. மூதாட்டி கமராவை உயர்த்தி, பிள்ளையாரையும் பூவையும் சேர்த்து ஒரு படம் எடுத்தார். மேசைமுன் அமர்ந்து எழுதினார்:

'நேர்மையானவர். பூச்செடிகளுக்கு அருகே விடக் கூடாது.'

விசா அதிகாரி கடிதத்தின் இரண்டாவது வரியில் நின்று என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மனைவி வந்து சேர்ந்த முதல் வெள்ளிக்கிழமை விடிய, "சாமிக்குப் பூ ஒண்டும் இல்லையோ?" என்று கேட்டபடி வாசலுக்குப் போனாள். ஓடிப்போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.